அம்மாவின் இன்ச் டேப்

மார்ச் 3
ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மொத்தக் கொழுப்பு 262. நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். 38. ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210. கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 182. எழுதி வைத்தால் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மார்ச் 4
டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "29 வயசுதானே? எடையும் சரியா இருக்கு. ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். அம்மாவைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பத்து வருடத்துக்குள் மாரடைப்பு வருமா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி ஒன்றில் என் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 40க்குக் கீழே வயதை அது ஏற்கவே இல்லை. சரி, பத்து வருடத்துக்கு ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மாரடைப்பு வந்தபோது அம்மாவுக்கு 51. எனக்கு இன்னும் இருப்பது 22 வருடம். அதற்கு யார் கணக்குச் சொல்வார்கள்?

மார்ச் 5
தையல் பெட்டியிலிருந்து அம்மாவின் இன்ச் டேப்பை எடுத்தேன். மஞ்சள் நிறம் வெளுத்து, முதல் மூன்று எண்கள் அழிந்துபோயிருக்கின்றன. பத்திலிருந்து தொடங்கி அளந்து, பத்தைக் கழித்தேன்.

இத்தனை நாள் தவறான இடத்தில் அளந்திருக்கிறேன். உடையின் பட்டி இருக்கும் இடம் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டுவிட்டு, வயிற்றை உள்ளிழுக்காமல் அளக்க வேண்டும். 86 செ.மீ. தெற்காசியப் பெண்களுக்கு 80தான் எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற கணக்கிலும் எனக்கு 79. எடை 57 கிலோ, உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 22.8. எல்லோரும் பார்த்துச் சொல்லும் "ஒல்லி" இதுதான்.

மார்ச் 6
86.

மார்ச் 8
கையில் பிடித்தால் சிக்கும் கொழுப்பைத்தான் இவ்வளவு நாள் வெறுத்துக்கொண்டிருந்தேன். அது தோலுக்கடியில் இருப்பது, அவ்வளவாகக் கெடுதல் செய்யாதது. அதை உறிஞ்சி எடுத்தவர்களுக்கு எடை குறைந்தும் ரத்தத்தில் கொழுப்பு, சர்க்கரை நிலைமை சீராகவில்லை என்று 2004இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

கெடுதல் உள்ளே, குடலைச் சுற்றி இருப்பது. அது கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் விடுகிறது. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. எச்.டி.எல். இறங்குகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. என் ரிப்போர்ட்டின் 38, 210 இரண்டும் இங்கேயிருந்து வந்தவைதான். கண்ணாடி முன்னால் நின்று அழுததெல்லாம் வேறு எதற்காகவோ. பதினேழு வயதிலிருந்து அழகுக்காக மட்டுமே வயிற்றைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார்கள். இதயத்துக்காக ஒருவர்கூடப் பேசவில்லை. கோபமாக வருகிறது.

மார்ச் 11
அம்மா அந்த வாரம் முழுக்க "அசதியா இருக்கு" என்றாள். துணி மடிக்கும்போது நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தாடை வலித்தது. பல் வலி என்று நினைத்து உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். முதுகு வலித்தது, படுத்த கோணம் என்றாள். வியர்த்தது, மாதவிடாய் நிற்கும் வயது என்றோம். என்றோம். நானும்தான் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று நினைத்திருந்தோம். அம்மா ஒருமுறைகூட நெஞ்சில் கைவைக்கவில்லை.

மார்ச் 12
நேற்று எழுதியதைப் படிக்கவில்லை.

மார்ச் 15
புது டாக்டர். முதல் கேள்வியே, "அம்மாவுக்கு எத்தனை வயசுல?" அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் வந்திருந்தால் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்றார். மாதவிடாய் தள்ளிப்போவதைக் கேட்டார். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் கைகோத்து வரும் என்றார். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறுமாம், அதையும் எழுதினார். அப்புறம் எல்.பி. லிட்டில் ஏ, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் ஒருவகைத் துகள். பிறப்பிலேயே வருவது, உடற்பயிற்சியால் பெரிதாக மாறாதது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலும் போதுமானது.

குழந்தைக்குத் திட்டமிருக்கிறதா என்றும் கேட்டார். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கினால் கருத்தரிக்கும் முன் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்களாம். "தெரியல" என்றேன். "தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார். அவசரப்படுத்தவில்லை.

மார்ச் 17
40 நிமிடம் நடந்தேன். இன்னும் ரிப்போர்ட் வரவில்லை. தாடை லேசாக வலிப்பதுபோல் இருக்கிறது. பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மார்ச் 20
லிட்டில் ஏ 18. 50க்கு மேல்தான் கவலையாம். தைராய்டும் சரி. குளியலறைக் கதவை மூடிக்கொண்டு சத்தமாக அழுதேன். நல்ல அழுகை.

மார்ச் 21
நல்ல அழுகை ஒருநாள்தான். அம்மாவுக்கு அந்த எண் எவ்வளவு என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்கு வரவில்லை என்பதற்காகத் தங்கைக்கும் வராமல் இருக்குமா? ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். "எனக்கு 24தான்கா ஆகுது" என்றாள். அந்தச் சிரிப்பு அம்மாவின் சிரிப்பு.

மார்ச் 26
இன்னும் போகவில்லையாம். இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. பேசினால் கத்திவிடுவேன்.

மார்ச் 29
85. ஒரு சென்டிமீட்டரை நம்பக் கூடாது, டேப் நழுவியிருக்கலாம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 2
காலையில் தங்கை வந்தாள். கையில் பஞ்சு, பிளாஸ்திரி. நான் மறுபடி கூப்பிடாமலேயே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். விலா எலும்பு எங்கே முடிகிறது என்று காட்டிக்கொடுத்தேன். போகும்போது டேப்பைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.