பாக்ஸரும் அப்பாவின் தோல் கம்பெனியும்

பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் முன், மே மாச லீவில் படித்துவிட்டு வரச் சொல்லி இங்கிலீஷ் மிஸ் கொடுத்த புத்தகம் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய அனிமல் ஃபார்ம். வேலூர் வெயிலில் வெளியே தலை காட்ட முடியாது, மதியமானால் கரண்டும் போய்விடும், வேறு வேலை இல்லாமல்தான் எடுத்தேன். மெலிசான புத்தகம், பன்றியும் குதிரையும் பேசுகிற கதை, இதைப் போய் இந்த வயசில் படிக்கச் சொல்கிறார்களே என்று இருந்தது.

ஸ்கூல் திறந்ததும் மிஸ் போர்டில் நடுவே கோடு போட்டு கதையில் வரும் பன்றிகளில் நெப்போலியன் என்றால் ஸ்டாலின், ஸ்நோபால் என்றால் ட்ராட்ஸ்கி என்று ரஷ்யப் புரட்சித் தலைவர்கள் பேரை எழுதிக்கொண்டே போனார். 1945ல் வந்த புத்தகம், ரஷ்யாவை மனசில் வைத்து எழுதியது, சரி. பரீட்சைக்கு அது போதும். எனக்கு மட்டும் பாக்ஸர் என்ற குதிரைக்கு எதிரே 'தொழிலாளர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்தது பிடிக்கவில்லை.

ஏனென்றால் லீவிலேயே எனக்கு அவன் யாரென்று தெரிந்துவிட்டது. ஏ, பி, சி, டி தாண்டி எழுத்து ஏறாது, எது கேட்டாலும் இன்னும் கூட உழைக்கிறேன் என்பான், அரை மணி நேரம் முன்னாடியே எழுப்பிவிடச் சொல்லி சேவலிடம் கேட்டு வைப்பான். கடைசியில் அவன் விழுந்ததும் பண்ணையை ஆளும் பன்றிகள் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி ஒரு வண்டியை வரவழைக்கின்றன. அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கழுதை வாசிக்கிறது: குதிரை வெட்டுபவர், தோல் வியாபாரி.

அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. உப்புத் தோல் ஏற்றி வரும் லாரியின் நாற்றம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். அந்த வரியைப் படித்ததும் மூக்கில் அதே நாற்றம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்புறம் அதே ஆள் எழுதிய 1984ஐயும் தேடிப் பிடித்துப் படித்தேன். நல்ல புத்தகம்தான், ஆனால் அதில் பாக்ஸர் இல்லையே.

ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அப்பாவிடம் பாக்ஸரின் முழுக் கதையும் சொன்னேன். "குதிரைத் தோலா? நம்ம கம்பெனிக்கு மாடும் ஆடும்தான்டா வரும்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை, தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"வித்த காசை இன்னாடா பண்ணாங்க அந்தப் பன்னிங்க?"

"விஸ்கி வாங்கிக் குடிச்சாங்கப்பா."

அப்பா சிரித்த சிரிப்பில் கீழே படுத்திருந்த அம்மா எழுந்துவிட்டாள்.