ஒரே நாற்காலி, ஐந்து எழுத்துவகை: ஆல்பம் கவர் செய்த கதை

நண்பன் ஒருவன் ஆறு கிதார் இசைத்துண்டுகளைப் பதிவு செய்து வைத்திருந்தான். பாட்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது, மெதுவான கிதார், பின்னால் மழைச் சத்தம், அவ்வளவுதான். ஆம்பியன்ட் என்று வைத்துக்கொள்ளலாம். "ஒரு கவர் மட்டும் பண்ணிக் கொடுடா, அடுத்த வாரம் வெளியிடணும்" என்றான். டிசைன் என் தொழில் இல்லை, போட்டோஷாப் கொஞ்சம் தெரியும். அந்தத் தைரியத்தில் சரி என்றேன். அடுத்த வாரம் ஏழு வாரம் தள்ளி வந்தது.

படத்துக்கு அலையவே இல்லை. ஜன்னலோரம் ஒரு காலி மர நாற்காலி, அதன்மேல் மாலை வெளிச்சம், எப்போதோ நானே எடுத்தது. அதைப் போட்டுப் பெயரை எழுதினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். படம் கொஞ்சம் இருட்டு, அதனால் எழுத்தும் கனமாக இருக்கட்டும் என்று பழைய ஜெர்மன் புத்தகங்களில் வருகிற கோதிக் எழுத்தில் தலைப்பைப் போட்டு அனுப்பினேன். "நாற்காலியில யாரோ செத்துக் கிடந்த மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

அதற்கப்புறம்தான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். இசையைக் கேட்காத ஒன்பது பேரிடம் கவரை மட்டும் காட்டி, இதற்குள் என்ன மாதிரி இசை இருக்கும் என்று கேட்டேன். ஏழு பேர் மெட்டல், அதாவது கனத்த, இரைச்சலான ராக் இசை என்றார்கள். படத்தில் மண்டையோடு இல்லை, ரத்தம் இல்லை, இருப்பது ஒரு நாற்காலி! பிளாக் மெட்டல் குழுக்களின் லோகோக்கள் முள்வேலி மாதிரி பின்னிக்கொண்டு, என்ன பெயர் என்றே படிக்க முடியாமல் இருக்கும். படிக்க முடியாமல் இருப்பதே அங்கே அடையாளம். என் எழுத்து அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், அந்தக் குடும்பத்தின் சாயல் இருந்தது போதும், ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, படத்தைத் தொடாமல் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினேன். மெல்லிய எழுத்தை இடைவெளி விட்டுப் பரப்பியபோது 'எலக்ட்ரானிக்' என்றார்கள், ஒருவர் 'தூங்குவதற்குப் போடுகிற இசை' என்றார், அது கொஞ்சம் கிட்டத்தில்தான் வந்தது. படத்துக்கு நீலச் சாயம் ஏற்றித் தடித்த எழுத்தைப் பெரிதாக, ஓரத்தில் வெட்டுப்படும்படி வைத்ததும் யோசிக்காமலே 'ஜாஸ்' என்றார்கள். இதற்குக் காரணம் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம். 1950களின் நடுவிலிருந்து ரீட் மைல்ஸ் அங்கே செய்த கவர்கள், ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை வெட்டி, ஒரு நிறம் ஏற்றி, எழுத்தை வாத்தியம் மாதிரி ஆடவிட்ட கவர்கள், ஜாஸுக்கு ஒரு முகத்தையே கொடுத்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால் மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடே கிடையாதாம், மேற்கத்திய சாஸ்திரிய இசைதான் பிடிக்குமாம். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

நான்காவது முயற்சிதான் என்னை நன்றாக ஏமாற்றியது. என் கையெழுத்திலேயே தலைப்பை எழுதி ஸ்கேன் செய்து போட்டேன். அழகாக இருந்தது, நண்பனுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் காட்டிய எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "யார் பாடியிருக்காங்க?" கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு மனிதர் கிதாரோடு உட்கார்ந்து தன் கதையைப் பாடப்போகிறார் என்று எதிர்பார்க்கிறார்கள். இதில் குரலே இல்லை. வருத்தத்தோடு அந்த லேயரை மறைத்துவைத்தேன்.

படம் மனநிலையைத்தான் சொல்கிறது, வகையைச் சொல்வது எழுத்து என்று எனக்குப் பட்டது அப்போதுதான். விதிவிலக்கு உண்டு, தெரியும். 1973இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' கவரில் முன்பக்கம் எழுத்தே கிடையாது, கறுப்பில் ஒரு முப்பட்டகமும் வண்ணங்களும்தான். ஆனால் அப்போது அவர்கள் ஏற்கெனவே தெரிந்த குழு. நண்பனை யாருக்குத் தெரியும்? எனக்கு அதைவிட உதவியது தி கிளாஷ் என்ற பங்க் ராக் குழுவின் 1979 ஆல்பம் 'லண்டன் காலிங்'. பேஸ் கிதாரை மேடையில் ஓங்கி உடைக்கிற அந்தப் படத்தை எடுத்த பென்னி ஸ்மித்தே, ஃபோகஸ் சரியில்லை, வேண்டாம் என்றிருக்கிறார். அதன்மேல் போட்ட இளஞ்சிவப்பு, பச்சை எழுத்துகள் 1956இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்திலிருந்து அப்படியே எடுத்தவை. பங்க் குழு ஒன்று ராக் அண்ட் ரோலின் தொடக்கத்தைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டுகிறது, அதையும் எழுத்தை வைத்தே.

கடைசியில் சாதாரணப் புத்தக எழுத்து, சின்னதாக, மேலே நிறைய வெற்றிடம், நாற்காலி கீழே ஓரமாக. 1969இல் மியூனிக்கில் தொடங்கிய இசிஎம் (ECM) என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் அமைதியான கவர்களை நிறையப் பார்த்ததன் விளைவு அது, மறைக்க ஒன்றுமில்லை. ஒன்பது பேரில் ஆறு பேர் 'மெதுவான வாத்திய இசை' என்றார்கள். போதும் என்று நிறுத்தினேன்.

நிறுத்த முடியவில்லை. கைபேசியில் அந்தக் கவர் விரல் நகம் அளவுதான் தெரிகிறது, அதில் தலைப்பைக் காணோம், நாற்காலி ஒரு மைப்பொட்டு. 12 அங்குல இசைத்தட்டுக்குச் செய்த கவர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த அளவு தோன்றவே இல்லை. எழுத்தை இரு மடங்காக்கி, நாற்காலியைச் சுற்றி வெளிச்சத்தைக் கூட்டி, திரையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தே மூன்று இரவு போனது. என்னைக் கேட்டால் முதல் நாளே இதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் விநியோக நிறுவனம் கவரைத் திருப்பி அனுப்பியது. 3000க்கு 3000 பிக்சல், சதுரம், எல்லாம் சரியாக இருந்தும், நண்பன் எனக்குச் சொல்லாமல் மூலையில் தன் இன்ஸ்டாகிராம் பெயரைச் சேர்த்திருந்தான். அந்த மாதிரி முகவரிகளை ஏற்க மாட்டார்களாம். அவனைத் திட்டிவிட்டு எடுத்தேன், இரண்டு நாளில் வெளியானது.

போன வாரம் அடுத்த ஆல்பத்தின் முதல் துண்டை அனுப்பியிருக்கிறான். இதில் பாடுகிறான், அதுவும் மோசமில்லை. பழைய ஃபைலைத் திறந்து, மறைத்துவைத்த அந்தக் கையெழுத்து லேயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.