பொடி மில்லுக்குக் கடன் வாங்கிய அனுபவம்

மகளிர் குழுவில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். குழுவாக வங்கிக்குப் போனால் தீர்மான நோட்டைப் பார்ப்பார்கள், கூட்டமும் சேமிப்பும் ஒழுங்கா என்று தரம் போடுவார்கள், கடன் வந்துவிடும். 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. தனி ஆளாகப் போனால் கதை வேறு. தனியார் வங்கி மேலாளர் கேட்ட முதல் கேள்வியே, "உங்க பேர்ல என்னம்மா இருக்கு?"

என் பேரில் இருந்தது ரேஷன் கார்டில் 'குடும்பத் தலைவி' என்ற பட்டம் மட்டும்தான்.

விருதுநகர் பக்கம் எங்கள் ஊர். மிளகாய்ப் பொடி, இட்லிப் பொடி வெளி மில்லில் அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். சொந்தமாக அரவை எந்திரம் போட 2 லட்சம் தேவை. அப்போதுதான் எங்கள் மகளிர் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் இணை மானியம் பற்றிச் சொன்னார்கள். உலக வங்கி உதவியோடு தமிழக அரசு 31 மாவட்டங்களில், 120 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம். அரசு நம் கையில் பணம் தராது. கடன் தருவது வங்கி. அதில் 70 விழுக்காட்டைத் தவணை தவறாமல் கட்டினால், மீதி 30 விழுக்காட்டைத் திட்டம் மானியமாகத் தரும். 2 லட்சத்துக்கு 60,000. ஆனால் அது கடைசியில்தான் வரும். எங்கள் குழுவிலேயே சிலர் முதலில் வரும் என்று நினைத்து, இல்லை என்றதும் ஒதுங்கிவிட்டார்கள்.

விண்ணப்பம் எழுத, இதே திட்டத்தின் தொழில் உதவி மையமான மதி சிறகுகள் தொழில் மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அலுவலர் என் கணக்கைப் பார்த்துவிட்டு, "எந்திரத்துக்கு மட்டும் கேட்டா மிளகாய் எப்படி வாங்குவீங்க?" என்றார். நியாயமான கேள்வி. வரத்து அதிகமாக இருக்கிற மாதங்களில் வற்றலை மொத்தமாக எடுத்து வைக்காவிட்டால் பிறகு விலை கையைக் கடிக்கும். எந்திரத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, சரக்குக்கும் ஒரு தொகையைத் திட்ட அறிக்கையில் சேர்த்துத் தந்தார். வங்கிப் படிவத்தை யார் வேண்டுமானாலும் நிரப்பித் தரலாம். இந்த யோசனையைத் தர ஆள் வேண்டும்.

அடுத்தது உதயம் பதிவு, அதாவது சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசுப் பதிவு. கட்டணமே இல்லாதது, ஆனால் ஆதார் ஓ.டி.பி. வேண்டும். ஆதாரில் இருந்த எண் என் வீட்டுக்காரருடையது. அவரோ லோடு ஏற்றிக்கொண்டு ஓசூரில் இருந்தார். ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் அவரைக் கூப்பிட்டு, அவர் வண்டியை ஓரங்கட்டிப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். என் எண்ணை மாற்றிய பிறகுதான் வேலை நகர்ந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவு சுலபம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால் 100 ரூபாயோடு முடிந்தது.

இழுத்தடித்தது மின்சாரம். வீட்டு இணைப்பில் மில் ஓட்டக் கூடாது, தொழிலுக்குத் தனி இணைப்பு வேண்டும். இடம் மாமா பேரில் இருந்ததால் வாடகை ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. "வீட்டுக்குள்ளயே எதுக்கும்மா ஒப்பந்தம்?" என்று அவருக்குக் கோபம். அத்தைதான் பேசிக் கையெழுத்து வாங்கித் தந்தார். மருமகள் மாமனாரிடம் வாடகை ஒப்பந்தம் போடுவது எங்கள் தெருவில் இதுவே முதல்முறை.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஒரு பழைய கடன் நின்றது. எப்போதோ கட்டி முடித்த குறுங்கடன். கொடுத்த நிறுவனம் கணக்கை முடித்ததாகப் பதியவே இல்லை. முடிப்புச் சான்று வாங்கி, அவர்கள் திருத்தும்வரை கோப்பு அப்படியே கிடந்தது. தொழில் மைய அலுவலர் வங்கி மேலாளரிடம் பேசிக்கொண்டே இருந்ததால்தான் நிராகரிக்கவில்லை.

கடன் தொகை நேராக எந்திரம் விற்றவர் கணக்குக்குப் போனது. சரக்குக்கான பணம் மட்டும் என் கணக்கில் விழுந்தது. தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரே குறை: பொடி வியாபாரம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், தவணை மட்டும் ஒரே அளவு. மழை மாதங்களில் வற்றல் காயாது, அரவையும் குறையும். ஒரு தவணை தவறினால் மானியத்துக்கே பிரச்சினை என்பதால், நல்ல மாதத்தில் இரண்டு தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைக்கிறேன்.

போகிறவர்கள் முதலில் ஆதாரில் உங்கள் எண்ணைச் சேருங்கள், சிபிலைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.