பென்சில் தொங்கும் நடன அட்டை

பழைய ஐரோப்பிய நடன விருந்துகளைப் பற்றி எதைப் படித்தாலும் என் மனம் நடன அட்டையில்தான் போய் நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு ஏடு. வால்ட்ஸ், போல்கா, குவாட்ரில் என்று அன்றிரவின் நடனங்கள் வரிசையாக அச்சாகியிருக்கும்; ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் சேர்ந்து ஆடக் கேட்ட ஆடவனின் பெயரை எழுத ஒரு கோடு. பட்டுக் கயிற்றில் விரல் நீளம்கூட இல்லாத பென்சில். 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

சுவரோரம் பெரியவர்கள் கண்கொத்திப் பாம்பாக அமர்ந்திருப்பார்கள். ஒரே ஆடவனோடு திரும்பத் திரும்ப ஆடினால் ஊர் வாய்க்கு அவல். ஆகவே எந்த நடனத்தைக் கேட்கிறான் என்பதிலேயே பாதி சேதி இருந்தது. இங்கிலாந்தில் இரவு உணவுக்கு முந்தைய நடனத்தைக் கேட்டவன் கெட்டிக்காரன். அது முடிந்ததும் அவளைச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் அமர்ந்து பேசலாமே!

வால்ட்ஸ் வந்ததும் இன்னும் நெருக்கம். இடையில் கை, முகத்துக்கு நேரே முகம். 1816இல் லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் இதை ஆபாசம் என்று கண்டித்துத் தலையங்கமே எழுதியது. இளசுகள் கேட்டால்தானே?

பெண் தானாகப் போய் அழைக்கக்கூடாது என்ற வழக்கம் மட்டும் எனக்கு இன்றும் ஆறவில்லை. காத்திருந்து காத்திருந்து கோடுகள் வெறுமையாகவே கிடந்த பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. வியன்னாவில் குளிர்கால நடன விருந்துகள் இன்றும் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. பெண்களே துணையைத் தேர்ந்து அழைக்கும் சுற்றும் அங்கே உண்டு. ஒருமுறையாவது அதை நேரில் பார்த்துவிட வேண்டும்.