யூலியாவின் சன்னலும் ஒரு நாட்டின் வாழ்த்துப்பாட்டும்: ஸ்லோவேனியாவில் ப்ரெஷேரன் தடம்

லூப்லியானாவுக்கு வருகிறவர்கள் எப்படியும் ப்ரெஷேரன் சதுக்கத்துக்கு வந்து சேர்வார்கள். ஆற்றின் மேல் மூன்று பாலங்கள், எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் பிரான்சிஸ்கன் தேவாலயம், நடுவில் கவிஞர் ஃபிரான்ட்ஸே ப்ரெஷேரனின் வெண்கலச் சிலை. பலரும் படம் எடுத்த கையோடு கோட்டைக்கு ஏறிவிடுகிறார்கள். அவசரப்படாமல் சிலையின் பார்வை போகும் பக்கம் திரும்புங்கள். வோல்ஃபொவா தெருவில் 4ஆம் எண் கட்டிடத்தின் சுவரில், சன்னலிலிருந்து எட்டிப்பார்ப்பதுபோல ஒரு பெண்ணின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. அண்ணாந்து தேடாவிட்டால் கண்ணில் படாது. அவள் யூலியா ப்ரிமிட்ஸ், கவிஞரை ஏற்காத பெண். தலைநகரின் நடுச் சதுக்கத்தில் அரசனோ தளபதியோ இல்லை. கைகூடாத காதலோடு, வக்கீலாகப் பிழைத்த ஒரு கவிஞர் நிற்கிறார்.

சிலை திறக்கப்பட்டது 1905 செப்டம்பர் 10. சிற்பி இவான் ஸாயெட்ஸ், பீடம் மாக்ஸ் ஃபாபியானி. கவிஞரின் தலைக்கு மேலே கலைத்தேவி அரைகுறை ஆடையில் வாகைக் கிளையோடு இருப்பதைத் தேவாலயத்தின் எதிரிலேயே வைத்ததற்கு அன்றைய பிஷப் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். சிலையின் முகத்தை மட்டும் முழுதாக நம்ப வேண்டாம். அவர் உயிரோடிருந்தபோது வரைந்த படம் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லோரும் பின்பற்றுவது அவர் இறந்த பிறகு, 1850இல் கோல்டன்ஸ்டைன் வரைந்த ஓவியத்தை.

அடுத்து தர்னோவோ. சதுக்கத்திலிருந்து தெற்கே சுமார் இருபது நிமிட நடை. 1833இல் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இங்குள்ள தேவாலயத்தில்தான் அவர் யூலியாவைக் கண்டார். அவருக்கு வயது 32, அவளுக்கு இன்னும் 17 ஆகவில்லை. இப்போது நிற்பது பின்னால் கட்டிய தேவாலயம் என்பதால் உள்ளே தேடுவதற்கு ஒன்றுமில்லை. இந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, யூலியாவுக்காக அவர் எழுதிய 'சானெட் மாலை'யின் (சானெட் என்பது 14 அடிப் பாட்டு) மொழிபெயர்ப்பு ஒன்றைக் கையில் எடுப்பதே உத்தமம்.

அந்தாதி அறிந்த தமிழ் வாசகருக்கு அந்த மாலையின் கட்டுமானம் உடனே பிடிபடும். மொத்தம் 15 சானெட். ஒன்றின் கடைசி அடியே அடுத்ததன் முதல் அடி. 14ஆம் பாட்டின் கடைசி அடி முதல் பாட்டின் தொடக்கத்துக்கே திரும்பி மண்டலிக்கிறது. இந்தப் 14 பாட்டுகளின் முதல் அடிகளை வரிசையாக அடுக்கினால் 15ஆவது சானெட். அதன் அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஸ்லோவேனிய மொழியில் 'ப்ரிமிட்ஸ் வீட்டு யூலியாவுக்கு' என்று வரும். 9 எழுத்து, பிறகு 5 எழுத்து, கணக்கு சரியாக 14. மொழிபெயர்ப்பு வாங்கும்போது இந்த முதலெழுத்துகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். பலவற்றில் அது நழுவிவிடும். மூலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 1834 பிப்ரவரியில் ஒரு ஜெர்மன் இதழின் இணைப்பாக வெளிவந்தபோது பெயர் பளிச்சென்று தெரிந்தது, ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. 1847 என்று ஆண்டிட்டு வந்த கவிதைத் தொகுப்பில் கவிஞரே அந்த முதலெழுத்துப் பெயரை நீக்கிவிட்டார்.

காதல் கவிதையில் நாடு எங்கே வருகிறது? மாலையின் நட்டநடுவில். 7ஆம் பாட்டில், பாட்டால் மக்களை ஒன்றுசேர்க்க, கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸைப் போல ஒருவன் தம் மண்ணுக்கும் வரமாட்டானா என்று ஏங்குகிறார். 8இல் பழைய ஸ்லாவிய அரசன் ஸாமோவை விளித்து, அவனுக்குப் பிறகு இந்த நிலத்தில் புயல்தான் வீசுகிறது என்கிறார். தன் காதல் துளிர்க்காததற்கும் நாடு துளிர்க்காததற்கும் ஒரே குளிர்தான் காரணம் என்பது வாதம். இதை வெறும் உவமையாக நினைத்துத் தாண்டிவிடக் கூடாது. அன்று லூப்லியானாவில் வசதியான வீடுகளின் மொழி ஜெர்மன். ஸ்லோவேனியன் வேலைக்காரர்களுக்கும் பிரசங்கத்துக்கும் உரியது என்ற நினைப்பு. நண்பர் மத்தியா ச்சோப்பும் ப்ரெஷேரனும் வேறு கணக்குப் போட்டார்கள்: இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கின் வடிவங்களை இந்த மொழி சுமக்கும் என்று காட்டினால், படித்த வீட்டுப் பெண்ணும் அதைப் படிப்பாள். யூலியா படித்தாளோ இல்லையோ, 1839இல் வேறொருவரை மணந்தாள். மொழி பிழைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், அவரே எழுதிய நாட்டுப்பண்ணைவிட இந்த மாலைதான் ஸ்லோவேனிய அடையாளத்தின் அஸ்திவாரம்.

ச்சோப் 1835இல் ஸாவா ஆற்றில் மூழ்கி இறந்தார். மறு வருடம் வெளிவந்த 'ஸவீத்ஸாவில் ஞானஸ்நானம்' என்ற நெடுங்கவிதையின் முன்னால் அவருக்கான காணிக்கை சானெட் இருக்கிறது. கதை நடக்கும் இடங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். பழைய தெய்வங்களுக்காகப் போரிட்டுத் தோற்ற தலைவன் ச்சர்தோமிர். ப்ளெட் ஏரித் தீவில் ஷீவா தேவியின் பூசாரியாக இருந்த காதலி போகோமிலா. போர் முடிந்து அவன் திரும்பும்போது அவள் கிறிஸ்தவளாகிவிட்டிருக்கிறாள். ஸவீத்ஸா அருவியில் அவனும் ஞானஸ்நானம் பெறுகிறான், இருவரும் பிரிகிறார்கள். தோற்ற இனத்தின் கதையா, தோற்ற காதலின் கதையா என்ற வாக்குவாதம் அங்கே ஓய்ந்தபாடில்லை.

ப்ளெட் தீவுக்குப் படகில் போய், 99 படிகள் ஏறினால் மரியாள் கோவில். ஸவீத்ஸா அருவி போஹின் ஏரியின் மேற்குக் கோடியைத் தாண்டி இருக்கிறது. கட்டணம் கட்டி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏற இருபது நிமிடமாகும். பனி உருகும் வசந்தமும் மழை பெய்த மறுநாளும் நல்ல நேரம். வறண்ட கோடையில் நீர் மெலிந்துவிடும், குளிர்காலத்தில் படிகள் உறைந்து வழுக்கும். அருவி வரை போகும் பேருந்து கோடையில் மட்டும்தான். மற்ற மாதங்களில் ஏரிக்கோடியிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதைச் சேர்த்தே திட்டமிடுங்கள்.

பிறந்த ஊரான வெர்பாவுக்கு யெஸெனிட்ஸே போகும் ரயிலில் ஏறி ஜிரோவ்னித்ஸாவில் இறங்கி நடக்கலாம். எல்லா வண்டியும் அங்கே நிற்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். 1939 முதல் நினைவகமாக இருக்கும் வீடு, ஊர் நடுவில் ஒரு லிண்டன் மரம், அதைச் சுற்றி ஊரின் 16 குடியானவர்களுக்காக 16 கற்கள், சற்றுத் தள்ளி புனித மாற்கு கோவில். ஊரை விட்டுப் போயிருக்கவே கூடாது என்று வருந்தும் சானெட்டில் இந்தக் கோவிலும் வருகிறது.

கடைசியாக, அவர் வக்கீல் தொழில் நடத்தி 1849 பிப்ரவரி 8இல் இறந்த கிரான். லூப்லியானாவிலிருந்து ரயிலில் அரை மணிக்குச் சற்றுக் கூட. நிலையம் ஆற்றின் மறுகரையில் தாழ்வில், பழைய ஊர் மேட்டில். கொஞ்சம் ஏற வேண்டும். ப்ரெஷேரன் தெரு 7ஆம் எண்ணில் அவர் வாழ்ந்த வீடு, நடந்துபோகும் தூரத்தில் கல்லறை உள்ள தோப்பு.

நாட்டுப்பண்ணான 'வாழ்த்துப்பாட்டு' 1844இல் எழுதப்பட்டது. ஒவ்வொரு பத்தியும் அச்சில் மதுக்கிண்ணத்தின் வடிவம். 5ஆம் பத்தி ஸ்லோவேனியப் பெண்களை வாழ்த்துகிறது. பகைவர் மேல் இடி விழச் சொல்லும் 3ஆம் பத்தியைத் தணிக்கையாளர் மிக்லோஷிச் ஏற்கவில்லை. ஒரு பத்தியை இழப்பதைவிட முழுப் பாட்டையும் தொகுப்பிலிருந்து விலக்கினார் கவிஞர். தணிக்கை ஒழிந்த 1848 ஏப்ரலில்தான் அது அச்சேறியது. இன்று பாடப்படுவது 7ஆம் பத்தி மட்டும். எல்லா இனங்களும் வாழ்க என்று தொடங்குவது. இசை ஸ்டாங்கோ ப்ரெம்ரல், 1905. சில்லறையில் ஸ்லோவேனியாவின் 2 யூரோ நாணயம் வந்தால் இந்த அடியைப் பழைய எழுத்துமுறையில் பார்க்கலாம். பிற யூரோ நாடுகளின் நாணயங்களும் கலந்து வருவதால், கவிஞரின் நிழலுருவம் உள்ளதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி 8இல் போங்கள். கவிஞர் இறந்த நாள் அங்கே அரசு விடுமுறை. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம், லூப்லியானா சிலையடியில் நடிகர்கள் கவிதை வாசிப்பார்கள், கிரானில் 19ஆம் நூற்றாண்டு உடைகளோடு சந்தை கூடும். கடைகள் பல மூடியிருக்கும், பேருந்துகளும் ரயில்களும் விடுமுறை அட்டவணைப்படிதான் ஓடும். அதனால் காலையில் தலைநகர், மதியத்துக்கு மேல் கிரான் என்று வைத்துக்கொண்டு, திரும்பும் வண்டியின் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். அருவிக்கு மட்டும் மே மாதத்தில் தனியாக வர வேண்டியிருக்கும்.