கட்டு அவிழ்க்கிற சீன்

தமிழ் சினிமாவில் கதாநாயகிக்குக் கண் போனால் நாம் கவலைப்படவே வேண்டாம், இடைவேளைக்கு அப்புறம் எப்படியும் ஒரு நல்ல உள்ளம் செத்துப்போய் அவர் கண் இவளுக்கு வந்துவிடும். டாக்டர் தலையைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக அவிழ்ப்பார், "இப்ப கண்ணைத் திறம்மா" என்பார், முதலில் எல்லாம் மங்கலாகத் தெரியும், அப்புறம் பளிச். அவள் யாரை முதலில் பார்க்க ஆசைப்பட்டாளோ அவன் மட்டும் அங்கே இருக்க மாட்டான். எத்தனை படத்தில் வந்தாலும் இந்த சீன் எனக்குச் சலித்ததே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மதுரைக்காரனாக இருந்துகொண்டு இதை அப்படியே நம்புவது கஷ்டம். அண்ணா நகர் அரவிந்த் ஆஸ்பத்திரி பக்கம் காலையில் போய்ப் பாருங்கள், கருப்புக் கண்ணாடி மாட்டிய பெரிசுகள் கூட்டம் கூட்டமாக டீக்கடையில் நிற்கும். இந்த ஊரில் கண்புரை ஆபரேஷன் நடக்காத குடும்பமே இருக்காது. எங்கள் அப்பத்தாவை மேலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் லென்ஸ் வைத்து அனுப்பினார்கள். தலையைச் சுற்றிக் கட்டெல்லாம் கிடையாது. கண்மேல் பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் வரிசையாக உட்கார வைத்து ஒரு சிஸ்டர் ஒவ்வொருத்தருக்காகப் பிரித்துக்கொண்டே வந்தார். "எத்தனை விரல் பாட்டி?" "மூணு." அடுத்த ஆள். அப்பத்தா திரும்பி அத்தையைப் பார்த்துச் சொன்ன முதல் வசனம்: "ஏண்டி, இந்தச் சேலை வெள்ளையா? சந்தனக் கலருன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அது சும்மா சொன்ன பேச்சில்லை. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே போகும், நீல வெளிச்சத்தை உள்ளே விடாது, அதனால் வெள்ளையெல்லாம் பழுப்பாகத் தெரியும், இது வருடக்கணக்கில் நடப்பதால் ஆளுக்குத் தெரியவே தெரியாது. லென்ஸை மாற்றியதும் உலகமே சலவைக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். எந்த டைரக்டரும் இதை எடுத்ததில்லை. அவர்களுக்கு மங்கல், பளிச், இரண்டுதான் தெரியும்.

அந்த லென்ஸின் கதையே ஒரு படம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலருக்கு, குண்டடியில் விமானியின் தலைக்கு மேலே இருக்கும் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் மூடி உடைந்து சில்லுகள் கண்ணுக்குள் போய்விட்டன. ஹெரால்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் ஒன்றைக் கவனித்தார்: அந்தச் சில்லுகள் கண்ணுக்குள்ளேயே கிடந்தாலும் பெரிதாக எந்த அழற்சியும் வரவில்லை. அப்படியானால் அதே பொருளில் லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன? 1949 நவம்பரில் லண்டனில் வைத்தும் காட்டினார். சக டாக்டர்களே வருடக்கணக்கில் அவரை எதிர்த்தார்கள், சர் பட்டம் வருவதற்கு 2000 ஆகிவிட்டது. ரிட்லியின் லென்ஸ் வரும்வரைக்கும் புரையை எடுத்துவிட்டுச் சோடா பாட்டில் கண்ணாடி மாட்டி அனுப்புவதுதான் வழக்கம், அதற்கப்புறமும் நம் ஊர்ப் பக்கம் ரொம்ப நாள் அதே கதைதான், ஏனென்றால் வெளிநாட்டு லென்ஸ் வாங்கக் கட்டுப்படியாகாது. 1992ல் மதுரையிலேயே அரவிந்தின் லென்ஸ் கம்பெனியான ஆரோலேப் தொடங்கி, அந்த விலையில் ஒரு சின்னப் பங்குக்கு லென்ஸ் செய்த பிறகுதான் முகாமில் வரும் அப்பத்தாக்களுக்கும் அது கிடைத்தது.

அரவிந்தை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கையும் அப்படித்தான். மூட்டுவாதத்தில் விரல்களெல்லாம் கோணிப்போன மனுஷன், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டு, அரசாங்க வேலையில் ரிட்டையர் ஆகி 58 வயதில், 1976ல், 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பிக்கிறார். மெக்டொனால்ட்ஸ் எப்படி ஊர் ஊருக்கு ஒரே மாதிரி பர்கர் கொடுக்கிறதோ அப்படிக் கண் ஆபரேஷனையும் கொடுக்க முடியாதா என்று யோசித்தவர். இந்த வசனத்தை மட்டும் ஒரு ஹீரோ பேசியிருந்தால் தியேட்டரில் விசில் பறந்திருக்கும்.

சரி, கண் மாற்று விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் சினிமாமேல் எனக்கு உண்மையான கோபம். 1999ல் வந்த துள்ளாத மனமும் துள்ளும் படத்தில் விஜய்யின் அம்மா இறந்ததும் அவர் கண் சிம்ரனுக்குப் போகும். அழாமல் வெளியே வந்தவர்கள் குறைவு. ஆனால் அந்தப் படம் என்றில்லை, எல்லாப் படத்திலும் ஏதோ முழுக்கண்ணையே பல்பு மாதிரி கழற்றி மாட்டுவதாகத்தான் காட்டுகிறார்கள். நிஜத்தில் மாற்றுவது கார்னியா என்கிற, கருவிழிக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தெளிந்த படலத்தை மட்டும்தான். அதை 1905லேயே எடுவார்ட் சிர்ம் செய்து காட்டிவிட்டார். முழுக்கண்ணை ஏன் முடியாது என்றால், மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேல் இழைகள், அறுத்தால் ஒட்டவைக்க வழியில்லை. 2023ல் நியூயார்க்கில் முழுக்கண் ஒன்றைப் பொருத்தினார்கள், கண் உயிரோடு இருந்தது, ரத்தம் ஓடியது, பார்வை மட்டும் வரவில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். இழவு வீட்டில் யாராவது கண்தானம் என்று வாயெடுத்தால், "குழி விழுந்த முகத்தோடயா தூக்கிட்டுப் போறது" என்று ஒரு பெரியப்பா கிளம்புவார், "அடுத்த பிறவியில குருடாப் பொறப்பாக" என்று ஒரு ஆச்சி ஆரம்பிக்கும். முகம் மாறாது, அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலைக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்தால் போதும். கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரைக்காரர் எல்லோரும் கொடுக்கலாம். வயலினை ஒரு நிமிடம் குறைத்துக்கொண்டு இதில் பாதியைக் காட்டியிருக்கலாம், இத்தனை வருடத்தில்.

மற்ற தப்புகளை மன்னித்துவிடலாம். சிலது தப்பே இல்லை. சாப்ளினின் சிட்டி லைட்ஸ் 1931ல் வந்த படம், பார்வை வந்த பூக்காரப் பெண் எதிரே நிற்கும் நாடோடியைப் பார்த்து அடையாளம் தெரியாமல் சிரிப்பாள், கையைத் தொட்டதும்தான் புரியும். நம் ஊர்ப் படங்களில் கட்டை அவிழ்த்ததும் பிறவியிலேயே பார்வையில்லாதவள்கூட ஒவ்வொருத்தராக அடையாளம் சொல்வாள். பிறவிப் புரையோடு இருந்த பிள்ளைகளுக்கு இந்தியாவில் ஆபரேஷன் செய்துவைக்கும் பிராஜெக்ட் பிரகாஷை எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பவன் சின்ஹா நடத்துகிறார். அந்தப் பிள்ளைகளிடம் சோதித்து 2011ல் அவர் குழு எழுதிய கட்டுரையில், கையால் தடவிப் பார்த்த பொருளை உடனே கண்ணால் அடையாளம் காண முடியவில்லை, சில நாளில் பழகிக்கொண்டார்கள் என்று வருகிறது. சாப்ளின் எந்த லேபுக்கும் போகாமல் சரியாகப் பிடித்துவிட்டார்.

தாண்டவம் (2012) வந்தபோது விக்ரம் நாக்கைத் தட்டிச் சத்தம் எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து நடப்பதைப் பார்த்து எங்கள் செட்டில் எல்லோரும் ரீல் என்று சிரித்தார்கள். ஆனால் அந்தப் படத்திலேயே வருகிற டேனியல் கிஷ் நிஜ ஆள், கைக்குழந்தையாக இருக்கும்போதே புற்றுநோயால் இரண்டு கண்ணும் போனவர், அப்படித்தான் சைக்கிளே ஓட்டுகிறார். சண்டைக் காட்சிகளை மட்டும் நம்ப வேண்டாம்.

இங்கிலீஷ்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மைனாரிட்டி ரிப்போர்ட் (2002) படத்தில் கண்ணை ஸ்கேன் செய்துதான் எல்லாக் கதவும் திறக்கும், அதற்காக டாம் குரூஸ் வேறு கண் வைத்துக்கொண்டு பழைய கண்களைப் பையில் தூக்கிக்கொண்டு அலைவார். கதை நடப்பது 2054ல். நாம் 2010லேயே ஆதாருக்குக் கருவிழியைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டோம். அந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஓடிப்போன ஆபீசரின் கண்ணைக் காட்டினால் அவர் ஆபீஸ் கதவு இன்னமும் திறப்பதுதான், வேலையை விட்டுப் போனவன் பாஸ்வேர்டை யாரும் ரத்து செய்யாத கதை எல்லா ஆபீசிலும் உண்டு.

அப்புறம் ரோபோக்களின் பார்வை. டெர்மினேட்டரில் (1984) சிவப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஓடும், எந்திரன் (2010) சிட்டிக்கும் கண்ணுக்குள் பெட்டி பெட்டியாக விவரம் வரும். யோசித்துப் பாருங்கள், அந்த எழுத்தைப் படிக்க மெஷினுக்குள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அது டிக்கெட் வாங்கிய நமக்காக. நிஜ ஏ.ஐ.க்குப் படம் என்பது வெறும் எண்கள்.

அந்த நிஜ ஏ.ஐ. கண் பார்க்க வந்த முதல் இடங்களில் ஒன்று நம்ம மதுரைதான். சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் ஆட்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் அரவிந்தில் எடுத்த படங்களும் உண்டு. 2016ல் கட்டுரை வந்தது, 2019ல் இங்கேயே நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நடுவில் 2018ல் இன்னொரு விஷயம் வெளியானது: அதே மாதிரிப் படத்தை வைத்து அது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்கிறதாம், வயதைச் சில வருட வித்தியாசத்தில் சொல்கிறதாம். எந்தக் கண் டாக்டராலும் விழித்திரைப் படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. ஷங்கருக்கே தோன்றாத ஐடியா.

ஆனால் இதைப் படமாக எடுப்பது சிரமம். சர்க்கரையில் கெட்ட விழித்திரையில் போன பார்வை பெரும்பாலும் திரும்ப வராது, முன்கூட்டியே கண்டுபிடித்து லேசரோ ஊசியோ போட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். அத்தைக்குப் பார்த்தபோது நாடியை மெஷினில் வைக்கச் சொன்னார்கள், பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு ஃப்ளாஷ், சீட்டில் "ஒரு வருடம் கழித்து வரவும்". பார்வை போகவே இல்லை என்பதை எப்படி சீனாக்குவது, எந்தக் கட்டை அவிழ்ப்பது? மகேந்திரன் இருந்திருந்தால் ஒருவேளை அந்தச் சீட்டை வைத்தே எடுத்திருப்பார்.