வேலிப் பொட்டு

"எல்லாத்தையும் பாக்கிறாய், ஒரு சொல்லு எழுதிறாயில்லை. உயிரோட இருக்கிறியோ பிள்ளை?"

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சின்னம்மா இப்படிக் கேட்டபோது கனடாவில், ஸ்காபரோவில் இரவு பத்து மணி, யாழ்ப்பாணத்தில் விடிந்து எட்டரை. எனக்கு முகம் சுட்டுப்போனது. வாட்ஸ்அப்பில் நீல டிக்கை எப்போதோ நிறுத்திவிட்டு, ஒளித்திருந்து பார்க்கிற நினைப்பில் இருந்தேன். குழுக்களில் அது செல்லாதாம். அனுப்பினவர் தேடினால், வாசித்தவர்களைப் பெயர் பெயராகக் காட்டுமாம். மூன்று வருடமாக நடு முற்றத்தில் நின்று ஒளித்து விளையாடியிருக்கிறேன்!

அம்மம்மா செய்தால் இது குற்றமில்லை. பின்னேரங்களில் முருங்கையடியில் நின்று, கிடுகு வேலிப் பொட்டுக்குள்ளால் ஒழுங்கையைப் பார்ப்பா. ஆர் வீட்டுக்கு ஆர் வந்தது, ஆருடைய சைக்கிளில் என்ன போகுது, எல்லாம் தெரியும். ஒருத்தரையும் மறித்துக் கதைக்க மாட்டா. பிறகு மதில் கட்டினார்கள். மேசன் ஒரு பொட்டு விடவில்லை என்று கடைசிவரை அவவுக்குக் கோபம்.

நானும் ஒருதரம் எழுதினேன்தான். ஊரில் மழை, குளிருது என்று ஆரோ போட, "இங்கை மைனஸ் இருபது" என்றேன். "உங்களுக்கென்ன, ஹீட்டர் இருக்குத்தானே" என்று பதில் வந்தது. மூன்றே மூன்று சொல். பஸ் தரிப்பிடத்தில் ஹீட்டர் இல்லை என்று அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அதோடு வாய் மூடியது. செத்தவீட்டுச் செய்திகளுக்கும் அப்படித்தான். நான் எழும்ப முன்னமே நாற்பது 'ஆழ்ந்த அனுதாபங்கள்' விழுந்திருக்கும். நாற்பத்தோராவதைத் தட்டிவிட்டு அழித்துவிடுவேன்.

மற்றபடி எனக்கு இந்த நாடு பழகிவிட்டது. பனி டயர் மாற்றவும் உப்புத் தூவவும் ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் மார்கழியில் லோரன்ஸ் ஈஸ்ட் 54 பஸ்ஸுக்கு நிற்கும்போது, பின்னேரம் ஐந்தரைக்குத் தொலைபேசி அதிரும். அங்கே மறுநாள் விடியப்புறம் நாலு மணி, திருவெம்பாவைச் சங்கும் சேமக்கலமும். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுக் கேட்பேன். இரண்டு பக்கமும் ஒரே இருட்டு.

சின்னம்மா கேட்ட ரோசத்தில் அன்றிரவே குழுவில் எழுதினேன்: "எங்கடை ஒழுங்கை முருங்கை இப்பவும் காய்க்குதோ?"

உடனே பதில் வந்தது, சின்னம்மாவிடமிருந்து.

"அதைத் தறிச்ச அண்டைக்கே படம் போட்டனான். நீ பாத்ததெண்டு காட்டுது."